குச்சியில் குத்திய சாண்ட்விச்: பிள்ளை தின்னுமா, குச்சி மட்டும் திரும்பி வருமா?

2025 பெப்ரவரி 2, ஞாயிறு, இரவு 9.10

பண்டாரவளை அக்கா ஒருவர் கேட்டதை அப்படியே போடுகிறேன்:

"மகன் தரம் இரண்டு. பாணுக்கு மாஜரின் பூசிக் கொடுத்தால் போனபடியே திரும்பி வருது. ரொட்டி கொடுத்தாலும் பாதி வருது. படங்களில் சாண்ட்விச்சைச் சின்னதாக வெட்டிக் குச்சியில் குத்தி, நடுவில் கரட், மேலே ஸ்ட்ரோபெரி என்று வைத்துக் கொடுக்கிறார்கள். இதெல்லாம் படம் எடுக்கத்தானே? நிஜமாக எந்தப் பிள்ளையாவது தின்னுதா? விடிய ஐந்து மணிக்கு இந்தக் கூத்து தேவையா?"

தின்னும் அக்கா. என் மகள் தின்னுகிறாள். தரம் மூன்று. வாரத்தில் இரண்டு நாள் குச்சி, மற்ற நாள் ரொட்டியோ சோறோ. குச்சி போகும் நாளில் பெட்டி சுத்தமாக வருகிறது.

ஆனால் அழகுக்காகத் தின்னவில்லை என்பது என் கட்சி. காரணம் பைப்படி. பள்ளிக்கூடம் ஏழரைக்குத் தொடங்குகிறது, 10.30க்கு இடைவேளை மணி. இருபது நிமிடம். ரொட்டியும் சம்பலும் என்றால் தின்ன முன்னும் கை கழுவ வேண்டும், தின்ற பின்னும் கழுவ வேண்டும். இந்த மாதத்தில் எங்கள் மலையகத்துக் கொட்டகலைப் பைப்புத் தண்ணீரில் கை வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? விரல் கட்டையாகிவிடும். அந்த வரிசையில் இரண்டு தடவை நின்றால் விளையாட நேரம் இல்லை. பிள்ளை கணக்குப் போடும். சாப்பாட்டை விட்டுவிடும். குச்சி என்றால் கையில் ஒன்றும் ஒட்டாது, ஒரு கையால் தின்றுகொண்டே ஓடலாம்.

செய்முறை நாளைக்கு எழுதுகிறேன். பாத்திரம் கழுவ வேண்டும்.

2025 பெப்ரவரி 3, திங்கள், இரவு 8.40

சரி, செய்முறை.

முதலில் பாண். நேற்று வாங்கியதாக இருக்க வேண்டும். அன்றைக்குச் சுட்ட பாண் பஞ்சு மாதிரி; கத்தி வைத்தால் நசுங்கும், குச்சி ஏற்றினால் கிழியும். இறாத்தல் பாணிலும் செய்யலாம், ஆனால் மேலே மேடாக இருப்பதால் துண்டு ஒழுங்காக வராது. வெட்டியே வரும் சாண்ட்விச் பாண் இதற்கு வசதி. இரண்டு துண்டு எடுத்து உள்பக்கம் இரண்டிலும் மாஜரின் பூச வேண்டும், ஓரம் வரைக்கும். ருசிக்கு மட்டும் இல்லை. மாஜரின் ஒரு சுவர் மாதிரி நின்று உள்ளே வைக்கும் கறியின் ஈரம் பாணுக்குள் இறங்காமல் தடுக்கும். ஈரம் இறங்கினால் பத்தரை மணிக்குக் குச்சியில் இருப்பது சாண்ட்விச் இல்லை, களி.

உள்ளே வைப்பது ஒட்டும் சரக்காக இருக்க வேண்டும். இதுதான் முழு ரகசியமும். துருவிய முட்டைக்கோவா, வெட்டிய தக்காளி எல்லாம் குச்சி ஏறும்போதே பக்கத்தால் பிதுங்கி விழும். உருளைக்கிழங்கை அவித்து மசித்து, டின் மீனை முள் எடுத்து எண்ணெய் இல்லாமல் பிரட்டிக் கலந்தால் பசை மாதிரிப் பிடிக்கும். கொண்டைக்கடலை அவித்து மசித்தாலும் பிடிக்கும். முக்கோணச் சீஸ் நல்லது, விலைதான் சுடுகிறது. சீனி சம்பல் என்றால் நன்றாக வற்றியதாக, மெல்லிசாக.

மூடி, மேலே ஒரு பலகையோ தட்டோ வைத்து, அதன் மேல் பால்மாப் பேணியை ஏற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். அப்புறம் நாலு பக்கமும் கரையை வெட்டுங்கள். பிறகு குறுக்கே இரண்டு வெட்டு, நெடுக்கே இரண்டு வெட்டு. ஒன்பது துண்டு, ஒவ்வொன்றும் ஒரு அங்குலம் அளவு. ஒரு குச்சிக்கு மூன்று. ஆக இரண்டு துண்டுப் பாணில் மூன்று குச்சி. நடுநடுவே அவித்த கரட் வட்டம், வெள்ளரிக்காய் என்று உங்கள் இஷ்டம்.

குச்சியை நேரே குத்தாமல் திருகித் திருகி ஏற்ற வேண்டும். கதவில் ஆணி அடிக்கிற மாதிரி அடித்தால் பாண் பிளக்கும்.

வெட்டிய கரையை எறியாதீர்கள். காயவைத்து இடித்தால் கட்லட்டுக்குத் தூள். எங்கள் வீட்டில் அவ்வளவு தூரம் போகாது, அத்தை தேத்தண்ணியில் தொட்டுத் தின்றுவிடுவார்.

2025 பெப்ரவரி 3, இரவு 10.05

மேலே வெள்ளரிக்காய் என்று எழுதியிருக்கிறேன். வேண்டாம். எழுதிவிட்டுப் படுத்த பிறகுதான் போன தவணை மகளின் சமயப் புத்தகம் நனைந்து வந்தது ஞாபகம் வந்தது. வெள்ளரி தண்ணீர் விடும். வைத்தே ஆக வேண்டுமென்றால் விதைப் பக்கத்தைச் சுரண்டி எறிந்துவிட்டு, உப்புப் போட்டுக் கால்மணி நேரம் வைத்து, துணியில் ஒற்றி எடுத்து வையுங்கள். விடிய ஐந்து மணிக்கு வெள்ளரிக்காய்க்கு இவ்வளவு பணிவிடை செய்ய என்னால் முடியாது. கரட்டோடு நிற்கிறேன். நுவரெலியா கரட் அவித்தால் தானாகவே இனிக்கும்.

2025 பெப்ரவரி 4, செவ்வாய்

சுதந்திர தினம், லீவு. அதனால் கொஞ்சம் அலட்டுகிறேன்.

ஒருவர் கேட்டிருக்கிறார், "நம்ம ஆட்களுக்கு ரொட்டி இருக்க, எதற்கு வெள்ளைக்காரன் சாப்பாடு?" என்று. ஐயா, பாண் என்ற சொல்லே போர்த்துக்கீசக்காரன் விட்டுப்போனது. சென்னையில் இருக்கும் என் சித்தி மகள் "பிரெட்" என்பாள், நான் "பாண்" என்றால் வெற்றிலை போடுகிற பீடாவா என்று கேட்பாள். நாம் தினமும் தின்னும் கோதுமை ரொட்டியின் மா எங்கே விளைந்தது? கொட்டகலையிலா? தேயிலையே 1867இல் லூல்கந்தராவில் ஜேம்ஸ் டெய்லர் தோட்டம் போட்ட பிறகு வந்ததுதான். இந்த மலையில் வந்தேறாதது எது என்று தேடினால் அட்டை ஒன்றுதான் மிஞ்சும்.

சாண்ட்விச் என்பது இங்கிலாந்தில் ஒரு ஊரின் பெயர். அந்த ஊர்ப் பட்டம் சூடிய ஜோன் மொண்டேகு என்ற பிரபு சீட்டாட்ட மேசையை விட்டு எழும்ப மனமில்லாமல், இறைச்சியைப் பாணுக்குள் வைத்துக் கொண்டுவரச் சொன்னார் என்று கதை. கதை எப்படியோ, சொல் 1762லேயே எட்வர்ட் கிப்பன் என்ற வரலாற்றாசிரியரின் நாட்குறிப்பில் இருக்கிறது. எனக்குப் பிடித்தது அந்தக் கதையின் நியாயம்: விளையாட்டை நிறுத்தாமல், கை அழுக்காகாமல், ஒரு கையால் தின்ன வேண்டும். என் மகளின் நியாயமும் அதேதான். அவள் ஆடுவது சீட்டு இல்லை, கெந்திக்கோடு.

ரொட்டியை நான் குறைத்துப் பேசவில்லை. மஸ்கெலியாப் பக்கம் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து ரொட்டியில் வளர்ந்தவள் நான். அம்மா ஏழு மணிப் பெரட்டுக்கு, அதுதான் தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போக, நாலரைக்கு அடுப்பு மூட்டி அடுக்கடுக்காகத் தட்டிவைத்துவிட்டுப் போவார். சுடச்சுடத் தின்றால் அதற்கு ஈடு கிடையாது. ஆனால் ஆறின ரொட்டி பத்தரை மணிக்குச் செருப்புத் தோல். நானே பள்ளிக்கூடத்தில் அதை மேசைக்கடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். இதை அம்மாவிடம் இன்றுவரை சொன்னதில்லை. அவர் இதையெல்லாம் படிக்க மாட்டார்.

2025 பெப்ரவரி 6, வியாழன்

குச்சி எங்கே வாங்குவது என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

ஹட்டன் டவுனில் பெரிய கடைகளில் இறைச்சி சுடும் மூங்கில் குச்சி கட்டாக விற்கிறது. நீளமாக இருக்கும், கத்தரிக்கோலால் பாதியாக வெட்டினால் ஒன்றுக்கு இரண்டு. பல்லுக்குத்தும் குச்சி வேண்டாம்: கட்டை, இரண்டு பக்கமும் கூர், பிள்ளை வாயில் போட்டு மறந்துவிடும்.

நான் பழகியது ஈர்க்கில். இந்த உயரத்தில் தென்னை ஏது? ஈர்க்கு விளக்குமாறு ஒன்று புதிதாக வாங்கி, பாதியை அவிழ்த்துக் கழுவி, அவித்து, வெயிலில் காயவைத்து எடுத்துக்கொண்டேன். மீதிப் பாதி ஒல்லியாகிப் போய் மூலையில் நின்றது. அத்தை அதைப் பார்த்துவிட்டு, "கூட்டுற சாமானைப் பிள்ளைக்குத் தின்னக் கொடுக்கிறியே" என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. புது விளக்குமாறுதான் அத்தை, தரையில் படவே இல்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "பேர் விளக்குமாறுதானே?" அதற்குப் பதில் இல்லை. மூங்கிலுக்கு மாறிவிட்டேன்.

அவசரத்துக்குக் கொய்யாக் கம்பு, வேலியில் கிடைக்கும் மெல்லிய குச்சி எதையாவது சீவியும் வைக்கலாம்.

2025 பெப்ரவரி 6, இரவு

மேலே கடைசி வரியை யாரும் கேட்காதீர்கள். பதுளை டீச்சர் ஒருவர் திட்டியிருக்கிறார், நியாயமான திட்டு. வேலியில் அலரியும் நிற்கும். அலரி முழுச்செடியும் நஞ்சு, மஞ்சள் அலரிக் கொட்டை தின்று ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இந்த நாட்டில் ஏராளம். எந்தக் குச்சி எந்தச் செடி என்று விடியற்காலை இருட்டில் யார் பார்ப்பது? தேயிலை மிளாறும் வேண்டாம். கவ்வாத்து வெட்டிப் போட்டது சும்மாதானே கிடக்கிறது என்று தோன்றும், ஆனால் மலைக்கு என்ன மருந்து எப்போது அடித்தார்கள் என்று உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. கடைக் குச்சி. முடிந்தது.

2025 பெப்ரவரி 10, திங்கள்

நேற்று ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்கக் கரண்ட் போனது எல்லோருக்கும் தெரியும். பாணந்துறை மின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததாம். அமைச்சரே சொன்னார். எங்கள் தோட்டத்துக் குரங்குகள் இவ்வளவு காலம் கரட்டையும் பேரிக்காயையும் மட்டும் திருடிக்கொண்டு அடக்கமாக வாழ்ந்திருக்கின்றன என்று இப்போதுதான் புரிகிறது.

இன்று பின்னேரம் மறுபடி ஒன்றரை மணிநேர வெட்டு. நாளைக்குக் குச்சி நாள். மெழுகுதிரி வெளிச்சத்தில் ஏற்றிக்கொண்டிருந்தேன். பாண், கரட், பாண், கரட், விரல். இடது கைப் பெருவிரல். ஆழமில்லை, ஆனால் அந்தக் குச்சியை எறிய வேண்டியதாகிவிட்டது. மகள் கேட்டாள்: "அம்மா, ரத்தம் பட்டதைச் சின்னவனுக்குக் கொடுப்பமா?"

இனி குச்சி ஏற்றும் வேலை வெளிச்சத்தில் மட்டும்.

2025 பெப்ரவரி 12, புதன், போயா

இதை மெதுவாகப் படியுங்கள். தலவாக்கலைத் தம்பி ஒருவர், "முட்டையை மயோனைஸில் பிரட்டி வைத்தால் பசை மாதிரி ஒட்டும், நம்ம ஊர்க் குளிரே ப்ரிட்ஜ் தானே அக்கா" என்று எழுதியிருக்கிறார். பத்துப் பேர் அதற்குக் கை தட்டியிருக்கிறீர்கள்.

தம்பி, ப்ரிட்ஜுக்குள் 5 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். நுவரெலியாவிலேயே ஆண்டுச் சராசரி 16 பாகை அளவு. தை மாசி விடியலில் புல் மேல் உறைபனி படியும், சரி. ஆனால் உங்கள் மகன் புல் மேல் வைத்தா தின்னுகிறான்? 5க்கும் 60க்கும் இடையில்தான் கிருமி பெருகும். பெட்டி விடிய ஐந்தரைக்கு மூடி, பையில் போட்டு, பஸ்ஸில் முப்பது பேர் நெருக்கத்தில் வெந்து, வகுப்பில் ஜன்னலோர வெயிலில் கிடந்து, பத்தரைக்குத் திறக்கிறது. ஐந்து மணிநேரம். அதுவும் இப்போது சிவனொளிபாதமலை யாத்திரை சீசன். ஹட்டன் பஸ்ஸில் உட்கார்ந்தால் குளிர் என்ற சொல்லே மறந்துபோகும். முட்டை, மீன், இறைச்சி சமைத்ததை வெளியே இரண்டு மணிநேரத்துக்கு மேல் வைக்காதே என்றுதான் எங்கும் சொல்கிறார்கள்.

அப்படியானால் மூன்றாம் தேதி நான் எழுதிய டின் மீன்? ஆம், அதற்கும் இதே சட்டம்தான், நான் சொல்லாமல் விட்டது பிழை. மீன் வைக்கும் நாளில் நான் சின்னத் தண்ணீர்ப் போத்தலை முதல் நாள் இரவே உறையவைத்து, துணியில் சுற்றிப் பெட்டியோடு ஒட்டி வைப்பேன். பத்தரைக்கு அது உருகிக் குடிக்கிற தண்ணீராகவும் ஆகிவிடும். போத்தல் உறையாத நாளில், குரங்கு உபயத்தில் இந்த வாரம் முழுக்க அப்படித்தான், கடலை மசியல் அல்லது சீனி சம்பல். மயோனைஸ் வீட்டோடு.

தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம்.

2025 பெப்ரவரி 14, வெள்ளி

மகளின் கொப்பியில் டீச்சர் குறிப்பு எழுதி அனுப்பியிருக்கிறார்: "கூரான பொருட்கள் அனுப்ப வேண்டாம்."

விசாரித்தேன். என் மகள் இல்லை, பின்வாங்கில் இருக்கும் பையன் தின்று முடித்த குச்சியை வாங்கி வாள் சண்டை போட்டிருக்கிறான். கண்ணுக்குப் பக்கத்தில் போயிருக்கிறது. டீச்சர் சொன்னது சரி. நான்தான் யோசித்திருக்க வேண்டும்.

எனவே திருத்தம்: துண்டுகளை ஏற்றிய பிறகு கூர் நுனியை ஒரு அங்குலம் கத்தரியுங்கள். வெட்டிய முனையைச் சீமெந்துத் தரையில் நாலு தேய்ப்புத் தேய்த்தால் மழுங்கிவிடும், தேய்த்தால் கழுவுங்கள். முதலில் தேய்த்துவிட்டு ஏற்றலாமே என்று கேட்காதீர்கள், மழுங்கிய குச்சி பாணைக் குத்தாது, தள்ளும். கடலை மசியல் எல்லாம் மறுபக்கம் வந்துவிடும். செய்து பார்த்தேன்.

டீச்சரிடம் மழுங்கியதைக் காட்டினேன். தொட்டுப் பார்த்துவிட்டுச் சரி என்றார். கூடவே வீட்டில் ஒரு சட்டம் போட்டேன்: எத்தனை குச்சி போகிறதோ அத்தனையும் பெட்டிக்குள்ளேயே திரும்பி வர வேண்டும். மூன்று போனால் மூன்று.

2025 பெப்ரவரி 18, செவ்வாய்

முன்பள்ளிப் பிள்ளைக்கு என்ன செய்வது என்று கேட்டவருக்கு: குச்சியே வேண்டாம். என் சின்னவனுக்கு நாலு வயது, அக்காவுக்குக் குச்சி போனால் தனக்கும் வேண்டும் என்று நிலத்தில் உருளுவான். அவனுக்குக் கரட் குச்சி. கரட்டை நீளவாக்கில் பென்சில் பாதி மொத்தத்துக்கு வெட்டி, ஒரு நிமிடம் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். அதற்கு மேல் போனால் துவண்டுவிடும். பாண் துண்டில் முதலில் மூங்கில் குச்சியால் ஓட்டை போட்டு, அதை உருவிவிட்டுக் கரட்டைச் செருக வேண்டும். இரண்டு துண்டு தாங்கும், மூன்றாவது தாங்காது. குச்சியையும் தின்றுவிட்டுப் பெட்டியைக் காட்டுவான்.

லீக்ஸ் தண்டிலும் முயன்றேன். வாசம் வகுப்பு முழுக்கப் போயிருக்கும். ஒரு தடவையோடு விட்டேன்.

இன்னொன்று, சின்னப் பிள்ளைகளுக்கு முந்திரிகைப் பழத்தை (திராட்சையை) முழுசாகக் குத்தாதீர்கள். நெடுக்காக நாலாகக் கீறுங்கள். சொசேஜ் வட்டமும் அப்படியே, தொண்டைக்குழி அளவு அதற்கு. நீளவாக்கில் வெட்டினால் பயம் குறையும்.

நிறம் வேண்டும் என்பவர்களுக்கு: பீட்ரூட்டைத் துருவி, அவித்து, துணியில் இறுகப் பிழிந்து சீஸோடு குழைத்தால் ரோஸ் நிறம். பிறந்தநாள் வீட்டில் மூன்று நிறத்தில் அடுக்கு சாண்ட்விச் வைப்பார்களே, அந்த வேலைதான். பிழியாமல் விட்டால் வெள்ளைச் சட்டையில் விடியும். பள்ளிக்கூடச் சட்டை எல்லாம் வெள்ளை என்பதை மறந்துவிட்டு ஒரு நாள் அனுப்பினேன். சவர்க்காரக் கட்டி பாதி கரைந்தது.

2025 பெப்ரவரி 21, வெள்ளி

இன்று மூன்று குச்சி அனுப்பினேன்.

நாலு வந்தது.

2025 பெப்ரவரி 21, இரவு

நாலாவது நம் குச்சி இல்லை. ஐஸ்கிரீம் குச்சி. மகளைக் கேட்டால் "தெரியாது" என்கிறாள். தெரியாது என்று அவள் சொல்லும்போது இடது காதைத் தடவுவாள். தடவுகிறாள்.

2025 பெப்ரவரி 26, புதன், சிவராத்திரி

கண் விழிக்க வேண்டிய ராத்திரி. கோயில் ஒலிபெருக்கி இங்கே வரைக்கும் கேட்கிறது. அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கோழித்தூக்கம். மகளும் விழித்திருப்பேன் என்று அடம்பிடித்தாள், பதினொரு மணிவரைக்கும் தாக்குப்பிடித்தாள். தூக்கக் கலக்கத்தில் பிள்ளைகள் உண்மை பேசும்.

முதல் நாள் இந்த இடத்தில் பைப்படி, குளிர்த் தண்ணீர், இருபது நிமிடம் என்று பெரிய கண்டுபிடிப்பு மாதிரி எழுதினேனே, அதை அழிக்காமல் விடுகிறேன், ஆனால் அது பாதிதான் உண்மை.

என் மகள் மூன்று குச்சியில் ஒன்றைத்தான் தின்கிறாள். மற்ற இரண்டும் கொடுக்கல் வாங்கல். இவ்வளவு மாதமும் பெட்டி சுத்தமாக வந்ததன் ரகசியம் அதுதான். குச்சிகளும் சட்டப்படி திரும்பி வந்துவிடும், நான் எண்ணிப் பார்த்து மகிழ்ந்துகொள்வேன். அன்றைக்கு வேறு ஒரு பிள்ளையின் அம்மாவும் ஐஸ்கிரீம் குச்சியில் செய்து அனுப்ப, அவசரத்தில் அதுவும் நம் பெட்டிக்குள் வந்திருக்கிறது.

ஏன் சாண்ட்விச்சை அப்படியே கொண்டுபோய்ப் பங்கு போட முடியாதா என்று கேட்டேன். என்னை முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "எச்சில் அம்மா."

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை, சிவராத்திரி வசதியாகப் போயிற்று. நாங்கள் சின்ன வயதில் ஒரு டொபியை மூன்று பேர் தின்ன என்ன செய்தோம்? சட்டை நுனியில் சுற்றிப் பல்லால் கடித்து உடைத்தோம். காக்காக்கடி. துணி நடுவில் இருப்பதால் எச்சில் இல்லையாம். பணிஸைக் காக்காக்கடி கடித்தால் சட்டையெல்லாம் மாஜரின், அடி விழும். ரொட்டி கடிபடாமல் பிய்யாது. முழுப் பாண் துண்டைக் கையால் பிய்த்தால் உள்ளே இருப்பது கொட்டிவிடும். குச்சியில் எல்லாம் தனித்தனி. ஒருவர் பிடிக்க மற்றவர் ஒரு துண்டை உருவிக்கொள்ளலாம், அல்லது முழுக் குச்சியையே மாற்றலாம். எண்ணிக்கொடுக்கலாம், எண்ணி வாங்கலாம், சண்டை வராது. எட்டு வயதில் இது பெரிய விஷயம்.

அக்கா, உங்கள் மகன் பாணைத் திரும்பக் கொண்டுவருவதற்கும் இதுவே காரணமாக இருக்குமோ? தனியே உட்கார்ந்து தின்ன அவனுக்கும் மனமில்லையோ என்னவோ. கேட்டுப் பாருங்கள். பகலில் கேட்காதீர்கள்.

இரண்டு குச்சிக்கு மகள் வாங்குவது என்ன தெரியுமா? பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை கொண்டுவரும் ரொட்டியும் கட்டா சம்பலும். பச்சை மிளகாய், வெங்காயம், மாசிக் கருவாடு, தேசிக்காய். வீட்டில் அத்தை அதே ரொட்டியைத் தட்டி, அதே சம்பலை இடித்து வைத்தால், "உறைக்குது" என்று தட்டைத் தள்ளுகிறவள்!

அத்தையிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறேன்.

2025 பெப்ரவரி 27, வியாழன்

சொல்லிவிட்டேன். அத்தை ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பிள்ளைட அம்மா மாசி போடுறாளாமா?" என்று கேட்டார்.

2025 மார்ச் 3, திங்கள்

ரொட்டியையே குச்சியில் ஏற்றினால் என்ன என்று நேற்று இறங்கினேன். தேங்காய் விலை 200 ரூபாயைத் தாண்டி நிற்கிற காலத்தில் பாதித் தேங்காய் துருவிப் போட்டுச் சுட்டது. ஆறவைத்து, சதுரமாக வெட்டி, குத்தினேன். மூங்கில் வளைந்தது. ஈர்க்கு ஒடிந்தது. ஒரு துண்டு விருட்டென்று எகிறி அலுமாரிக்கு அடியில் போனது, இன்னும் எடுக்கவில்லை. மகள் மட்டும் சந்தோஷமாகப் பார்த்தாள்.

பாண் வெட்டுகிறவள் பாணோடு நிற்க வேண்டியதுதான்.

எண்ணிக்கையை மட்டும் மாற்றிவிட்டேன். இப்போது நாலு துண்டுப் பாண், ஆறு குச்சி. இரண்டு தனக்கு, நாலு சபைக்கு. செலவு கூடத்தான். ஆறிலும் சீஸ் கட்டாது, இரண்டில் சீஸ், நாலில் கடலை என்று அனுப்பினேன். இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார்களாம், சீஸ் குச்சி ஒன்றுக்குக் கடலைக் குச்சி இரண்டு என்று விலை வைத்திருக்கிறார்கள்.

2025 மார்ச் 5, புதன்

பண்டாரவளை அக்கா பதில் எழுதியிருக்கிறார். மகனுக்கு இரண்டு நாளாகக் குச்சி அனுப்பினாராம். பெட்டி சுத்தமாம். எத்தனை குச்சி போனது எத்தனை வந்தது என்று கேட்டேன். எண்ணவில்லையாம். எண்ணாமலே இருங்கள் அக்கா, நிம்மதி.

தலவாக்கலைத் தம்பிக்கு: கேட்டதற்கு நன்றி, ஆனால் பலாப்பழத்தைக் குத்தினால் பால் பிசுபிசுக்கும். நல்ல பழமாக இருந்தால் சுளை வழுக்கும். அன்னாசி நல்லது, ஆனால் பாண் துண்டுக்குப் பக்கத்தில் வைக்காமல் தனிக் குச்சியாக. ஸ்ட்ரோபெரியும் தனிக் குச்சி, நுவரெலியாவில் இருந்து யாராவது கொண்டுவந்தால் மட்டும். காசு கொடுத்து வாங்கிக் கொடுக்கல் வாங்கலுக்கு அனுப்புகிற அளவுக்கு நான் பிரபு இல்லை.

2025 மார்ச் 7, வெள்ளி

ஆறு அனுப்பினேன். ஏழு வந்தது.

ஏழாவது ஈர்க்கு. நுனி வெட்டி மழுக்கியிருந்தது. அதில் ஒரு துண்டு ரொட்டி மிச்சம், சுருட்டி ஏற்றியது, உள்ளே கட்டா சம்பல். இழுத்துப் பார்த்தேன், விரிசல் ஒன்றுமில்லை, குச்சி வளையவுமில்லை. மகளைக் கேட்டேன். அந்தப் பிள்ளையின் அம்மா கல்லில் இருந்து எடுத்த சூட்டோடு சம்பலை வைத்துச் சுருட்டி, சூட்டோடேயே குத்திவிடுவாராம். ஆறின பிறகு இறுகிப் பிடித்துக்கொள்ளுமாம். நான் ஆறவைத்துவிட்டுக் குத்தினேனே!

கடிபடாத துண்டு. எச்சில் இல்லை. அத்தை கையை நீட்டி வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"மா இன்னும் கொஞ்சம் பிசைஞ்சிருக்கணும்" என்றார். பிறகு மூலையில் இருந்த ஒல்லி விளக்குமாற்றை எடுத்து வந்து, திண்ணையில் உட்கார்ந்து, ஈர்க்கு ஈர்க்காக உருவிக்கொண்டிருக்கிறார்.